நெமோவின் ஆறரை டன்

நடுக்கடலில் ஒரு கப்பல் மூழ்கினால் அது எங்கே போய் நிற்கும்? தரையில்தான் என்று இன்று யோசிக்காமல் சொல்லிவிடுவோம். 19ஆம் நூற்றாண்டில் இது அத்தனை தெளிவான விஷயமாக இருக்கவில்லை. ஆழம் போகப்போகத் தண்ணீர் அழுத்தத்தால் இறுகிக் கனத்துக்கொண்டே போகும். ஒவ்வொரு பொருளும் தன் கனத்துக்கு ஏற்ற ஆழத்தில் தண்ணீருக்குள்ளேயே தங்கிவிடும் என்று பலர் நம்பினார்கள். அந்த நம்பிக்கையின்படி மரக்கலங்கள் ஒரு மட்டத்திலும், அதற்குக் கீழே பீரங்கிகளும் நங்கூரங்களும், எல்லாவற்றுக்கும் அடியில் பொற்காசுகளும் என்றென்றைக்கும் தரை தொடாமல் தொங்கிக்கொண்டிருக்கும். சேலஞ்சர் கப்பலின் புகழ்பெற்ற கடலாய்வுப் பயணத்துக்குத் தலைமை தாங்கிய வைவில் தாம்சன், சிறுவயதில் தானும் இதை நம்பியதாக 1873இல் வெளிவந்த தன் நூலில் எழுதியிருக்கிறார். 1912இல் டைட்டானிக் மூழ்கியபோதுகூட அது அடி வரை போயிருக்காது என்று சொன்னவர்கள் உண்டு. 1985இல் அது சுமார் 3,800 மீட்டர் ஆழத்தில், சேற்றுத் தரையில் கிடப்பது கண்டுபிடிக்கப்பட்டது.

இந்தப் பழைய நம்பிக்கையில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி எங்கே தவறுகிறது என்று தேடிப் போனால், நீர்மூழ்கிக் கப்பல் என்ற இயந்திரத்தின் அடிப்படைச் சிக்கலில் போய் நிற்போம். அங்கே போக நான் தேர்ந்துகொள்ளும் வாகனம், கற்பனையில் மட்டும் ஓடிய ஒரு போர்க்கப்பல்.

ஜூல்ஸ் வெர்ன் எழுதிய ‘கடலடியில் இருபதாயிரம் லீக்’ நாவல் 1869இலும் 1870இலும் பிரெஞ்சு இதழ் ஒன்றில் தொடராக வந்தது. அதில் வரும் கேப்டன் நெமோவுக்கு நாடு கிடையாது. அவருடைய கடற்படையில் இருப்பது ஒரே ஒரு நீர்மூழ்கி, நாட்டிலஸ். கறுப்புத் துணியில் பொன்னிற எழுத்துப் பொறித்த தனிக் கொடியும் உண்டு. அவர் யார் என்பது சில ஆண்டுகள் கழித்து வந்த ‘மர்மத் தீவு’ நாவலில்தான் தெரிகிறது: புந்தேல்கண்டின் இளவரசர் டக்கார், 1857 எழுச்சியில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டு எல்லாவற்றையும் இழந்தவர்.

நாட்டிலஸின் அளவுகளைச் சொல்வதற்கென்றே வெர்ன் ஓர் அத்தியாயம் ஒதுக்குகிறார். கதை வேகத்துக்காகப் பலர் தாண்டிப் போகும் அந்த அத்தியாயம் எனக்கு மிகப் பிடித்தது. கப்பலின் நீளம் 70 மீட்டர். நடுவில் விட்டம் 8 மீட்டர். முழுக்க மூழ்கினால் சுமார் 1,500 டன் தண்ணீரை விலக்கும். காலியாக அதன் எடை அதில் பத்தில் ஒன்பது பங்கு. ஆகவே மேற்பரப்பில் பத்தில் ஒரு பங்கு வெளியே தெரிய மிதக்கும். தொட்டிகளில் 150 டன் கடல்நீரை ஏற்றினால் அந்த ஒரு பங்கும் உள்ளே போய்விடும். கப்பலின் எடையும் அது விலக்கும் நீரின் எடையும் சமம். ஆர்க்கிமிடீஸ் சொன்ன மிதப்பு விசை எடையைச் சரியாக ஈடுகட்ட, கப்பல் மிதக்கவும் இல்லை, ஆழ்ந்து போகவும் இல்லை.

இங்கே விருந்தாளியாக (உண்மையில் கைதியாக) இருக்கும் பேராசிரியர் அரோனா ஒரு சந்தேகம் கேட்கிறார். ஆழத்தில் அழுத்தம் கூடுமே, அங்கே தண்ணீர் இறுகிக் கனத்திருக்குமே, கப்பல் எப்படிக் கீழே போகும்? நெமோ கணக்கோடு பதில் சொல்கிறார். 1,000 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் சுமார் 100 வளிமண்டலம். அங்கே தண்ணீரின் பருமன் ஆயிரத்தில் நான்கு பங்குக்குச் சற்று அதிகமாகக் குறைந்திருக்கும். அதை ஈடுகட்டக் கப்பலின் எடையை 6.57 டன் கூட்டினால் போதும். இதற்கென்று 100 டன் கொள்ளும் துணைத் தொட்டிகள் தயாராக இருக்கின்றன. ஆழம் போக வேண்டுமா, இன்னும் கொஞ்சம் தண்ணீரை ஏற்று.

அந்தப் பழைய நம்பிக்கையின் தர்க்கமேதான் இது, எண்களோடு வருகிறது. தண்ணீரைப் பற்றி நெமோ சொன்னதில் பிழை இல்லை. தண்ணீர் அமுங்கும் என்பதே எளிதில் கிடைத்த அறிவு அல்ல. 17ஆம் நூற்றாண்டில் புளோரன்ஸ் நகரத்து அறிஞர்கள் ஓர் உலோகக் கோளத்தில் தண்ணீரை நிரப்பி, வாய் அடைத்து, அடித்து நசுக்கிப் பார்த்தார்கள். தண்ணீர் அமுங்குவதற்குப் பதிலாக உலோகத்தின் வழியே கசிந்தது. தண்ணீர் அமுங்காது என்ற முடிவு நிலைத்துவிட்டது. 1762இல் ஜான் கான்டன் என்ற ஆங்கிலப் பள்ளி ஆசிரியர் அதை மாற்றினார். வெப்பமானிபோலக் கண்ணாடிக் குமிழும் மெல்லிய கழுத்தும் கொண்ட குழாயில் தண்ணீரை நிரப்பி, காற்றழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் கழுத்தில் நீர்மட்டம் இம்மியளவு நகர்வதை அளந்தார். அந்த இம்மிதான் நெமோவின் கணக்குக்கு ஆதாரம். உலகிலேயே ஆழமான மரியானா அகழியின் அடியில், சுமார் 10,900 மீட்டர் ஆழத்தில், ஆயிரம் வளிமண்டலத்துக்கு மேற்பட்ட அழுத்தம் இருக்கிறது. அங்கேயும் தண்ணீரின் அடர்த்தி மேற்பரப்பில் இருப்பதைவிட ஏறக்குறைய 5 சதவீதம்தான் கூடுதல். இரும்பு தண்ணீரைவிட ஏழெட்டு மடங்கு கனம், பொன் 19 மடங்கு. ஐந்து சதவீதம் இவற்றைத் தடுத்து நிறுத்தாது. பீரங்கியும் பொற்காசும் தரைக்குத்தான் போகும்.

ஆனால் நீர்மூழ்கி அப்படியில்லை. அதன் மொத்த அடர்த்தியைத் தண்ணீரின் அடர்த்தியோடு அச்சு அசலாகச் சமன் செய்துவிட்டோம். அப்போது அந்த இம்மி வேறுபாடு பெரிய விஷயமாகிறது. நெமோ சொல்வதுபோல, கூடுதல் எடை ஏற்றினால் அதற்கேற்ற ஆழத்துக்குப் போய்த் தானாகவே நின்றுவிடுமா?

நிற்காது. நெமோ ஒன்றை விட்டுவிட்டார். தண்ணீரை அமுக்கும் அதே அழுத்தம் அவருடைய கப்பலையும் அமுக்குகிறது.

எஃகு அமுங்குமா என்று தோன்றலாம். கெட்டி எஃகுக் கட்டி தண்ணீரைவிடப் பன்மடங்கு குறைவாகவே அமுங்கும். நீர்மூழ்கியோ கெட்டி எஃகு அல்ல; எஃகுத் தோல் போர்த்திய காற்று. சுற்றிலும் உள்ள தண்ணீரின் அழுத்தம் முழுவதையும் சில சென்டிமீட்டர் தடிப்புள்ள அந்தத் தோல்தான் தாங்குகிறது. தாங்கும்போது அதன் சுற்றளவு சற்றே சுருங்குகிறது. உள்ளே இருக்கும் காற்று அதை எதிர்த்து எதுவும் செய்வதில்லை. ஆகவே உள்ளீடற்ற அந்த எஃகுக் கூட்டின் பருமன், அதே அழுத்தத்தில் தண்ணீர் சுருங்குவதைவிடக் கூடுதலாகச் சுருங்குகிறது. நீர்மூழ்கி மாலுமிகளுக்கு இதைக் கண்ணால் காட்டும் ஒரு பழைய வழக்கம் உண்டு. மேற்பரப்பில் இருக்கும்போது கப்பலின் உட்புறத்தில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு ஒரு நூலை விறைப்பாகக் கட்டுவார்கள். ஆழத்துக்குப் போனதும் நூல் நடுவில் தொய்ந்து தொங்கும். சுவர்கள் நெருங்கி வந்திருக்கின்றன.

நாட்டிலஸுக்கே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வெளிக்கூட்டின் எஃகுத் தகடு 5 சென்டிமீட்டர் தடிப்பு என்று வெர்ன் சொல்கிறார். அந்தக் கூடு மட்டுமே அழுத்தத்தைத் தாங்கும் ஓர் உருளை என்று வைத்துக்கொண்டு நான் போட்ட தோராயக் கணக்கில், அதன் சுருக்கம் தண்ணீரின் சுருக்கத்தைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் வருகிறது. 100 மீட்டர் இறங்கினால் நெமோவின் கணக்குப்படி சுமார் 650 கிலோ தண்ணீரை உள்ளே ஏற்ற வேண்டும். கூட்டின் சுருக்கத்தையும் சேர்த்தால், ஏற்றுவதற்கு மாறாக அரை டன் அளவுக்கு வெளியேற்ற வேண்டியிருக்கும். அளவில் வந்த பிழை என்றால் சின்ன விஷயம். இங்கே திசையே தலைகீழாகிவிட்டது. 1,000 மீட்டருக்கு இதே கணக்கை நீட்டவும் முடியாது. அங்கே அந்தத் தகட்டில் ஏறும் தகைவில் பாதியைக்கூட அந்தக் காலத்து எஃகு தாங்கியிருக்காது. நாவலில் நாட்டிலஸ் 16,000 மீட்டர் வரை போய் வருகிறது. பூமியில் அத்தனை ஆழமான கடலே இல்லை.

வீட்டில் ஒரு பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டிலும் மருந்து விடும் சொட்டுக்குழாயும் இருந்தால் இந்த விளைவைக் கையால் உணரலாம். குழாயில் பாதி தண்ணீரும் பாதி காற்றுமாக, நுனி மட்டும் தலைகாட்டி மிதக்கும்படி சரிசெய்துகொள்ளுங்கள். பாட்டிலை விளிம்பு வரை நிரப்பி, குழாயை உள்ளே போட்டு மூடியை இறுக்கி, பாட்டிலை அழுத்துங்கள். குழாய்க்குள் இருக்கும் காற்று அமுங்கும், தண்ணீர் உள்ளே புகும், குழாய் கீழே போகும். கையை எடுத்தால் மேலே வரும். இப்போது நடு உயரத்தில் நிறுத்தப் பாருங்கள். நிற்காது. ஒரு விரற்கடை கீழே போனால் அங்கே அழுத்தம் சற்று அதிகம், காற்று இன்னும் அமுங்கும், எடை கூடியதுபோல் ஆகி மேலும் கீழே போகும். ஒரு விரற்கடை மேலே வந்தால் இதற்கு நேர்மாறு. இயற்பியல் பாடத்தில் உறுதியற்ற சமநிலை என்பது இதைத்தான். விலகியதைத் திருப்பிக் கொண்டுவருவதற்குப் பதிலாக, விலகல் தானே தன்னை வளர்த்துக்கொள்ளும். நின்ற இடத்தில் நிற்கும் நீர்மூழ்கி, உள்ளங்கையில் நட்டு நிறுத்திய துடைப்பம் போன்றது. கை ஓயாமல் நகர்ந்துகொண்டே இருந்தால்தான் அது நிற்கும்.

வெர்னுக்கு இதை அறிய ஒரு வாய்ப்பு அருகிலேயே இருந்தது. 1863இல் பிரெஞ்சுக் கடற்படை ரோஷ்ஃபோர் துறைமுகத்தில் ‘ப்ளோஞ்சர்’ என்ற நீர்மூழ்கியை மிதக்கவிட்டது. அழுத்திய காற்றால் ஓடும் அந்தக் கப்பலின் மாதிரி வடிவத்தை வெர்ன் 1867 பாரிஸ் கண்காட்சியில் பார்த்தார். உண்மைக் கப்பல் நீருக்கடியில் ஒரு மட்டத்தில் ஓட மறுத்தது. தரையில் போய் முட்டும், அல்லது மேற்பரப்பில் தலையை நீட்டும், நடுவில் நிலைக்காது. பருமனைக் கூட்டிக் குறைக்க அதற்கு உந்துதண்டுகள் பொருத்தியிருந்தார்கள். அவை கப்பலின் அலைபாய்தலுக்கு ஈடுகொடுக்கவில்லை. சோதனைகளுக்குப் பிறகு அதைப் போர்க்கப்பலாகப் பயன்படுத்தும் எண்ணத்தைக் கடற்படை கைவிட்டு, தண்ணீர் சுமக்கும் கப்பலாக மாற்றியது.

வெர்னுக்கு நியாயம் செய்ய ஒன்றைச் சொல்ல வேண்டும். நாட்டிலஸின் இரு பக்கங்களிலும் சாய்க்கக்கூடிய தட்டுகளை அவர் வைத்தார். ஓடும்போது அவற்றைச் சாய்த்தால் கப்பல் சரிந்து ஏறும் அல்லது இறங்கும். இன்றைய நீர்மூழ்கிகளை ஆழத்தில் நிலைநிறுத்துவதில் பெரும் பங்கு இந்தக் கிடைச்சுக்கான்களுக்குத்தான். பெரிய தொட்டிகள் மூழ்குவதற்கும் மேலே வருவதற்கும் மட்டும் உதவும்: ஒன்று முழுக்க நிரப்புவார்கள், இல்லையென்றால் முழுக்கக் காலி செய்வார்கள். நடுவில் நேரும் சின்னச் சின்ன எடை மாற்றங்களுக்கு டிரிம் தொட்டிகள் என்ற சமன் தொட்டிகள் இருக்கின்றன. எரிபொருள் செலவாகிறது, டார்பிடோ வெளியேறுகிறது, சமையல் சாமான் குறைகிறது. ஒவ்வொன்றுக்கும் கணக்கு வைத்து ஈடு செய்கிறார்கள். ஆழம் போகப்போகக் கூடு சுருங்குவதற்கு ஈடாகத் தண்ணீரை வெளியே இறைக்கிறார்கள். கப்பல் ஓடிக்கொண்டிருந்தால் சில டன் பிழையைக் கிடைச்சுக்கான் தாங்கிப் பிடித்துவிடும். ஓட்டம் நின்றால் தட்டுகளுக்கு வேலை இல்லை. எடைக் கணக்கு மட்டும்தான் துணை.

அந்தத் துணையும் கைவிட்டால் என்ன ஆகும் என்பதை 1963 ஏப்ரல் 10 காட்டியது. அமெரிக்க அணுசக்தி நீர்மூழ்கி ‘த்ரெஷர்’ ஆழ்மூழ்குச் சோதனையில் இருந்தபோது உந்துசக்தியை இழந்தது. தொட்டிகளில் உள்ள தண்ணீரை உயரழுத்தக் காற்றால் ஊதித் தள்ள முயன்றார்கள், முடியவில்லை. விரைந்து விரிந்த காற்று குளிர்ந்து, அதிலிருந்த ஈரம் வடிகட்டிகளில் பனிக்கட்டியாக உறைந்து குழாயை அடைத்திருக்க வேண்டும் என்பது பின்னர் அதே வகைக் கப்பலில் செய்த சோதனையில் தெரிந்தது. கப்பல் கீழே போகப்போக அதன் கூடு சுருங்கிக்கொண்டே இருந்தது. மிதப்பு குறைந்துகொண்டே போனது. கூடு நொறுங்கியது. உள்ளே இருந்த 129 பேரும் இறந்தார்கள்.

எஃகுக் கப்பலைவிட மோசமாக அமுங்கும் பொருள் ஒன்று நம்மிடமே இருக்கிறது: மனித உடல். வெர்ன் தன் நாவலில் நாட்டிலஸை மன்னார் வளைகுடாவுக்குக் கொண்டுவருகிறார். கடலடியில் நடந்து போகும் நெமோவும் தோழர்களும் அங்கே முத்துக்குளிக்கும் ஓர் ஏழை இந்தியரைப் பார்க்கிறார்கள். கயிற்றில் கட்டிய கல்லைக் காலில் இடுக்கிக்கொண்டு அவர் இறங்குகிறார், சிப்பி சேர்க்கிறார், மேலே போகிறார். சுறா ஒன்று அவரைத் தாக்க வருகிறது. நெமோ குத்துவாளோடு பாய்கிறார். அந்தக் கல் வெர்னின் கற்பனை அல்ல. தூத்துக்குடிக் கரையிலும் இலங்கைக் கரையிலும் முத்துப்பார்களில் குளித்தவர்கள் கல்லைக் கொண்டுதான் இறங்கினார்கள். நெஞ்சு நிறையக் காற்றோடு இருக்கும் உடல் மேலே மிதக்கப் பார்க்கும். முதல் சில பாகம் இறங்கத்தான் பாரம் வேண்டும். 10 மீட்டரில் அழுத்தம் இரண்டு வளிமண்டலம். நுரையீரல் காற்று பாதியாகச் சுருங்கிவிடும். அதற்குச் சற்றுக் கீழே போனால் பெரும்பாலானவர்களின் உடல் தண்ணீரைவிடக் கனமாகி, கல் இல்லாமலே தாழத் தொடங்கும். மேலே வரும்போது அந்த முதல் சில மீட்டர்தான் கடினம், அதுவும் மூச்சு தீர்ந்திருக்கும் நேரத்தில். படகில் கயிறு பிடிப்பவரின் கையில் குளிப்பவரின் உயிர் இருந்தது. கயிறு பிடிக்க மச்சானையே வைப்பார்கள் என்று நம் கரையில் சொல்வது வெறும் வேடிக்கைக் கதை இல்லை. தங்கை தாலியைக் காக்க வேண்டியவனைவிடக் கவனமாக யார் இழுப்பார்கள்?

அப்படியானால் ஓர் ஆழத்தில் தானாகப் போய் நிற்கும் பொருளே கிடையாதா? உண்டு. நிபந்தனை ஒன்றுதான்: அது தண்ணீரைவிடக் குறைவாக அமுங்க வேண்டும். அப்போது கீழே போகப்போகத் தண்ணீரின் அடர்த்தி வேகமாகவும் பொருளின் அடர்த்தி மெதுவாகவும் கூடும். இரண்டும் சமமாகும் ஆழத்தில் அது நிற்கும். தள்ளிவிட்டாலும் திரும்பி வரும். இது உறுதிச் சமநிலை.

1955இல் ஜான் ஸ்வாலோ என்ற பிரிட்டிஷ் கடலியலாளர் இந்த நிபந்தனையைக் கையில் எடுத்தார். ஆழ்கடல் நீரோட்டங்களை அளக்க அவருக்கு ஒரு கருவி தேவைப்பட்டது. கப்பலிலிருந்து கம்பியில் தொங்கவிட்டால் கப்பலின் ஆட்டமும் சேர்ந்துகொள்ளும். ஆழத்திலேயே தங்கி, நீரோட்டத்தோடு மிதந்து போகும் பொருள் வேண்டும். கட்டடச் சாரத்துக்குப் பயன்படும் அலுமினியக் குழாய்களை எடுத்துக்கொண்டார். தடிப்பு அதிகமானால் குழாய் மூழ்கிவிடும், குறைவானால் அதிகமாக அமுங்கும். எரிசோடாக் கரைசலில் ஊறவைத்துச் சுவரை வேண்டிய அளவுக்கு அரித்து மெலிதாக்கினார். எடையைக் கிராம் கணக்கில் சரிசெய்து கடலில் விட்டார். உள்ளே வைத்த ஒலிக்கருவி விட்டுவிட்டுக் கூவ, அதைக் கப்பலில் இருந்து கேட்டுக் குழாய் எங்கே போகிறது என்று தொடர்ந்தார். 1957இல் அந்தக் குழாய்கள் ஒரு கோட்பாட்டை உறுதிசெய்தன. வடக்கு நோக்கி ஓடும் வளைகுடா நீரோட்டத்துக்கு அடியில், ஆழத்தில், தெற்கு நோக்கி ஒரு நீரோட்டம் இருக்க வேண்டும் என்று ஹென்றி ஸ்டொம்மல் கணித்திருந்தார். ஸ்வாலோவின் குழாய்கள் தெற்கே மிதந்து போயின. 6.57 டன் கணக்கு உண்மையில் பொருந்துவது இத்தகைய குழாய்க்குத்தான்.

கடலில் வாழும் நாட்டிலஸுக்கும் அது பொருந்தும். நெமோவின் கப்பல் பெயர் பெற்ற அந்தச் சுருள் ஓட்டு உயிரி அறை அறையாகத் தடுத்த ஓட்டில் வாழ்கிறது. அறைகளில் இருக்கும் வாயு அதற்கு மிதப்பைத் தருகிறது. ஆழத்தின் அழுத்தத்துக்கு எதிராக வாயுவை அது ஊதி நிரப்புகிறது என்று முன்பு நினைத்தார்கள். எரிக் டென்டனும் ஜான் கில்பின்-பிரவுனும் 1960களில் செய்த ஆய்வுகள் வேறொன்றைக் காட்டின. அறையில் முதலில் நிறைந்திருப்பது திரவம். உயிரி அதிலிருந்து உப்பை உறிஞ்சி எடுக்க, உப்பைத் தொடர்ந்து நீரும் வெளியேறுகிறது. காலியான இடத்தில் வாயு மெல்லக் கசிந்து சேர்கிறது. அந்த வாயுவின் அழுத்தம் ஒரு வளிமண்டலத்தைக்கூட எட்டுவதில்லை. வெளியிலிருந்து வரும் அழுத்தம் முழுவதையும் ஓடுதான் தாங்குகிறது. நம் கடற்கரையில் ஒதுங்கும், சித்த மருந்துக் கடையில் கடல் நுரை என்று விற்கும் கணவாய் ஓடும் இதே முறையில் வேலை செய்கிறது. விறைப்பான ஓடு மிகக் குறைவாகவே அமுங்குவதால் இந்த உயிரிகளுக்கு நீர்மூழ்கியின் தொல்லை இல்லை. விறைப்புக்கு ஓர் எல்லை உண்டு: சுமார் 800 மீட்டரில் நாட்டிலஸ் ஓடு நொறுங்கிவிடும்.

இதுவரை கடல் முழுக்க ஒரே வெப்பமும் ஒரே உப்பும் கொண்டது என்று வைத்துப் பேசினேன். உண்மைக் கடல் அடுக்கடுக்கானது, நீர்மூழ்கிக்கு அது சில சமயம் உதவவும் செய்யும். 1915இல் டார்டனெல்ஸ் நீரிணை வழியே மார்மரா கடலுக்குள் புகுந்த பிரிட்டனின் இ-வகை நீர்மூழ்கிகள் அங்கே ஒரு வியப்பைக் கண்டன. மேலே கருங்கடலிலிருந்து வரும் உப்புக் குறைந்த நீர். அதன் அடியில் மத்தியதரைக் கடலின் உப்பு மிகுந்த, கனமான நீர். இரண்டும் சந்திக்கும் மட்டத்தில் மோட்டாரை நிறுத்தினாலும் நீர்மூழ்கி கீழே போகாமல் தங்கியது. தரையில் படுத்ததுபோல் தண்ணீர்மேல் படுத்து மாலுமிகள் தூங்கினார்கள். பழைய நம்பிக்கை இங்கே கொஞ்சம் பலித்தது என்றே சொல்லலாம், அதற்குக் காரணம் அழுத்தம் அல்ல, உப்பு.

வெப்பக் கடல்களில் இந்த வேலையைச் செய்வது வெப்பநிலை. வங்கக் கடலிலோ அந்தமான் கடலிலோ மேற்பரப்பு நீர் 28 பாகை வெப்பத்தில் இருக்கும். நூறு, நூற்றைம்பது மீட்டருக்குள் அது வேகமாகக் குளிர்ந்துவிடும். இந்த வெப்பச்சரிவு அடுக்கைக் கடந்து கீழே போகும் 1,500 டன் நீர்மூழ்கி, குளிர்ந்து கனத்த நீரில் தாழ்வதற்கு ஐந்தாறு டன் தண்ணீரை ஏற்ற வேண்டியிருக்கும். கூட்டின் சுருக்கம் கேட்பதைவிட இது பல மடங்கு பெரிய திருத்தம். கடற்படையினர் வெறும் ஆழத்தை மட்டும் பார்த்துக் கணக்கிடுவதில்லை. வெப்பநிலை அளவியை இறக்கி, எந்த மட்டத்தில் அடுக்கு மாறுகிறது என்று பார்த்த பிறகுதான் சமன் செய்கிறார்கள்.

சிக்கல் அந்த அடுக்கு ஓரிடத்தில் நிலையாக இருக்காது என்பதில் இருக்கிறது. கடலடி மேடுகள்மேல் ஓதம் பாயும்போது கனமான கீழ் நீரும் லேசான மேல் நீரும் சந்திக்கும் எல்லையில் அலைகள் எழுகின்றன. இவற்றுக்கு உள்ளலைகள் என்று பெயர். இரண்டு நீருக்கும் அடர்த்தி வேறுபாடு மிகச் சிறியது என்பதால் இந்த அலைகள் நாம் கரையில் பார்க்கும் எந்த அலையையும்விட உயரமாக வளரும். அந்தமான் கடலில் 60 மீட்டர் அளவுக்கு எழும் உள்ளலைகளை ஆல்ஃபிரட் ஆஸ்போர்னும் டெரன்ஸ் பர்ச்சும் அளந்து 1980இல் வெளியிட்டார்கள். மேற்பரப்பில் அந்த உயரம் தெரியாது. செயற்கைக்கோள் படங்களில் இணையான நீண்ட வரிகளாக இவை பதிவாகின்றன.

கனமான நீரில் சமன் செய்து நிற்கும் நீர்மூழ்கியின்மீது அப்படி ஓர் அலை வந்தால், அதைச் சுற்றியிருந்த நீர் சில நிமிடங்களில் லேசானதாக மாறிவிடும். டன் கணக்கில் மிதப்பு திடீரென்று காணாமல் போகும். நீர்மூழ்கி தாழும், தாழத்தாழக் கூடு சுருங்கும், மிதப்பு இன்னும் குறையும். 2014இல் சீனாவின் 372ஆம் எண் நீர்மூழ்கி இப்படி ஓர் ‘அடர்த்திப் பள்ளத்தில்’ விழுந்து, மாலுமிகள் தொட்டிகளை ஊதிக் காலி செய்ததால் தப்பியதாகச் சீன ஊடகங்கள் எழுதின. 2021 ஏப்ரலில் பாலித் தீவுக்கு வடக்கே இந்தோனேசியாவின் ‘நங்காலா’ மூழ்கி, 800 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் மூன்று துண்டுகளாகக் கிடந்தது. 53 பேர் இறந்தார்கள். உள்ளலை காரணமாக இருந்திருக்கலாம் என்று அந்நாட்டுக் கடற்படை அதிகாரிகள் சொன்னார்கள். அருகிலுள்ள லோம்போக் நீரிணை உள்ளலைகளுக்குப் பெயர் போன இடம்.

ஸ்வாலோவின் குழாயிலிருந்து வளர்ந்தவை இன்றைய ஆர்கோ மிதவைகள். உலகக் கடல்களில் இன்று ஏறக்குறைய 4,000 மிதவைகள் இருக்கின்றன. இந்தியா விடும் மிதவைகளை ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையம் கவனித்துக்கொள்கிறது. ஒவ்வொன்றும் உள்ளே இருக்கும் எண்ணெயை வெளிப்புறப் பைக்குத் தள்ளியும் திரும்ப இழுத்தும் தன் எடையை மாற்றாமல் பருமனை மாற்றுகிறது. 1,000 மீட்டரில் தங்கி, 2,000 மீட்டர் வரை இறங்கி, வழியெல்லாம் வெப்பத்தையும் உப்பையும் அளந்துகொண்டு மேலே வந்து செயற்கைக்கோளுக்குச் சொல்கிறது. இந்தத் தரவு எல்லோருக்கும் திறந்தது. ஆனால் ஒரு மிதவை 10 நாளுக்கு ஒருமுறைதான் மேலே வருகிறது. ஓர் உள்ளலை கடந்து போக அரை மணி நேரம் போதும். மிதவைகளை மட்டும் நம்பி அதைப் பிடிக்க முடியாது. கைகொடுப்பது ஓதம். இந்த அலைகளை எழுப்புவது அதுதான் என்பதால், உவாவை ஒட்டிப் பெரிய ஓதம் வரும் நாட்களில் எந்த நீரிணையிலிருந்து எந்தத் திசையில் அவை கிளம்பும் என்பதைச் செயற்கைக்கோள் படங்களையும் ஓதக் கணக்கையும் சேர்த்து இப்போது ஓரளவு முன்கூட்டியே சொல்கிறார்கள்.